பழைய லேப்டாப்பில் லினக்ஸ் போடுங்கள், ஆனால் விண்டோஸை அழிக்காதீர்கள்

நீடாமங்கலம் பக்கம் அக்கா வீட்டில் ஒரு லேப்டாப். பெரியவள் பிளஸ் டூ படித்தபோது அரசாங்கம் கொடுத்தது. இப்போது பகலில் அத்தானின் உரக்கடையில் கணக்கு எழுதும் டேலிக்கு, ராத்திரியில் சின்னவளின் டிஎன்பிஎஸ்சி படிப்புக்கு. ஆன் செய்துவிட்டு டீ போட்டுக் குடித்துவிட்டு வரலாம், அவ்வளவு வேகம்!

ஒன்று சொல்ல வேண்டும். 2011-இல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் வந்த லேப்டாப்புகளில் விண்டோஸோடு, மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளமும் சேர்ந்தே இருந்தது. அதாவது ஒரே பெட்டியில் இரண்டு இயங்குதளம் என்பது டெல்டாவில் பல வீடுகளுக்கு வந்து, போயும் விட்டது. சர்வீஸ் கடையில் "இது எதுக்குங்க, வேஸ்ட்" என்று ஒரே ஃபார்மட்டில் தூக்கிவிட்டார்கள். எங்கள் பெட்டியிலும் அதேதான். பிறகு ராமை 4 ஜிபி ஆக்கி விண்டோஸ் 10 ஏற்றினோம். அதற்கான வழக்கமான இலவச அப்டேட்டும் 2025 அக்டோபர் 14-உடன் நின்றுவிட்டது. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி எல்லாம் இந்தப் பெட்டியில் இல்லை.

லினக்ஸ் நண்பர்களிடம் கேட்டால் "விண்டோஸை மொத்தமா அழிச்சிடு" என்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடே இல்லை. டேலி விண்டோஸில் ஓடும் மென்பொருள். கடைக் கணக்கை நம்பி இருக்கிற மனிதரிடம் போய் சுதந்திர மென்பொருள் தத்துவம் பேசினால், கடையில் அழித்தவருக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்? அவர் லினக்ஸை அழித்தார், நாம் விண்டோஸை அழிக்கிறோம்.

விண்டோஸை வைத்துக்கொண்டே, டிஸ்க்கில் கொஞ்சம் இடம் பிரித்து லினக்ஸையும் போடலாம் என்று அத்தானிடம் சொன்னேன். "ஒரே வயல்ல நடுவுல வரப்பு போடுற மாதிரியா? அப்படின்னா முதல்ல நெல்லை அறுத்து வீட்டுக்குக் கொண்டாந்துடு" என்றார். பேக்கப்புக்கு இதைவிட நல்ல விளக்கம் நான் கேட்டதில்லை. டேலி டேட்டா, போட்டோக்கள் எல்லாம் வெளி ஹார்ட் டிஸ்க்குக்குப் போயின.

வரப்பு போடுவதில்தான் பாதி நாள் போனது. விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் சி டிரைவைச் சுருக்கப் பார்த்தால், 200 ஜிபி காலியாக இருந்தும் 9 ஜிபிதான் தருவேன் என்றது. நகர்த்த முடியாத ஃபைல்கள் நடுவில் உட்கார்ந்திருந்தால் இப்படித்தான் ஆகும். ராமில் இருப்பதை டிஸ்க்கில் எழுதி வைத்துவிட்டுத் தூங்கும் ஹைபர்னேஷனையும், ராம் போதாதபோது டிஸ்க்கில் இடம் பிடிக்கும் பேஜ் ஃபைலையும் அணைத்து ரீஸ்டார்ட் செய்ததும் 60 ஜிபி கிடைத்தது. வேலை முடிந்ததும் பேஜ் ஃபைலைத் திரும்ப ஆன் செய்துவிடுங்கள். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் மட்டும் அணைந்தே இருக்கட்டும். அது இருந்தால் விண்டோஸ் முழுதாக மூடாமல் அரைத் தூக்கத்தில் கிடக்கும், லினக்ஸிலிருந்து அந்த டிரைவில் எழுத முடியாது. இன்னொன்று, பழைய லேப்டாப் பேட்டரி பெயருக்குத்தான் இருக்கும். ஐப்பசி மழையில் நம்ம ஊரில் கரண்ட் எப்போது போகும் என்று யாருக்குத் தெரியும்? பாகம் பிரிக்கும்போது போனால் டிஸ்க்கே குழம்பிவிடும். நான் இன்வெர்ட்டர் லைனில் போட்டுத்தான் தொட்டேன்.

போட்டது லினக்ஸ் வகைகளில் ஒன்றான லினக்ஸ் மின்ட், அதில் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான பதிப்பு. பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்த்ததில் சவுண்ட் வந்தது, வைஃபை வரவில்லை. பிராட்காம் வைஃபை சிப்பில் இது பழைய வியாதி. போனை யுஎஸ்பியில் செருகி டெதரிங் கொடுத்து, டிரைவர் மேனேஜரில் டிரைவரை இறக்கினால் சரி. நிறுவும்போது "விண்டோஸுடன் சேர்த்து" என்பதையும் "டிஸ்கை அழித்து" என்பதையும் இரண்டு தடவை படியுங்கள். அங்கே அவசரப்பட்டால் அப்புறம் அழுது பயனில்லை.

மறுநாள் காலை ஒன்பது மணிக்குக் கடையிலிருந்து போன். "டேய், இதுல மணி மூன்றரைங்குது!" லினக்ஸ் மதர்போர்டு கடிகாரத்தில் உலகப் பொது நேரத்தை எழுதும், விண்டோஸ் அதையே உள்ளூர் நேரமாக எடுத்துக்கொள்ளும். அதனால்தான் சரியாக ஐந்தரை மணி நேரம் பின்னால் போனது. லினக்ஸ் டெர்மினலில் ஒரு வரிக் கட்டளை கொடுத்து, அதையும் உள்ளூர் நேரத்துக்கே மாற்றினேன்.

வேகம்? லினக்ஸ் போட்டால் ராக்கெட் மாதிரி பறக்கும் என்பதெல்லாம் கதை. 4 ஜிபி ராமில் பிரவுசரில் பத்து டேப் திறந்தால் இதுவும் திணறும். கையில் காசு இருந்தால் முதலில் ஹார்ட் டிஸ்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போடுங்கள். ஆனால் சின்னவள் இப்போது பிடிஎஃப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, பக்கத்தில் தமிழ்99 விசைப்பலகை முறையில் குறிப்பு அடிக்கிறாள். நடுவில் அப்டேட் என்று எதுவும் வந்து அவளைத் தொந்தரவு செய்வதில்லை.

சண்டை மட்டும் மிச்சம். ஆன் செய்ததும் வரும் பட்டியலில் லினக்ஸ்தான் முதலில். பத்து வினாடிக்குள் கீழே நகர்த்தாவிட்டால் அதுவே திறந்துவிடும், அத்தான் "டேலியைக் காணோம்" என்பார். விண்டோஸை முதலில் வை என்கிறார் அவர், கூடாது என்கிறாள் மகள். கடைசியாக எதைத் திறந்தார்களோ அதுவே அடுத்த முறையும் திறக்கும்படி மாற்றி வைத்துவிட்டு, சாயங்கால பஸ்ஸில் ஊருக்குக் கிளம்பிவிட்டேன்.