வீல்சேர் டயரில் காற்றைக் குறைத்தால் பிரேக் பிடிக்காது

அரியமான், தனுஷ்கோடி கடற்கரை மணலில் வீல்சேர் தள்ள, பின் டயரில் பாதிக் காற்றை இறக்கிவிட்டால் போதும், வேறு பாதிப்பு இல்லை என்று ஒரு அண்ணன் எழுதியிருக்கிறார். பலரும் பகிர்வதால் இதைச் சொல்கிறேன்.

பாதிப்பு இருக்கிறது அண்ணே, பிரேக்கில். சாதாரண வீல்சேர் பிரேக் என்பது டயரின் மேற்பரப்பை அழுத்திப் பிடிக்கும் ஒரு இரும்புக் கட்டைதான். காற்று குறைந்தால் டயர் உள்வாங்கும், கட்டையின் அழுத்தம் குறையும். பிரேக் கைப்பிடி (லிவர்) பூட்டிய மாதிரியே இருக்கும். ஆனால் உட்கார்ந்திருப்பவர் எழும்போதோ கட்டிலுக்கு மாறும்போதோ வண்டி பின்னால் நழுவும். விழுவது அந்த நேரத்தில்தான்.

வீட்டிலேயே பார்க்கலாம். ஆள் இல்லாமல், சமதரையில் இரண்டு பிரேக்கையும் போட்டுப் பின்னாலிருந்து தள்ளுங்கள். சக்கரம் உருளக் கூடாது. உருண்டால், டயர் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் பிஎஸ்ஐ (காற்றழுத்த) அளவுக்குக் காற்றடித்து மறுபடி தள்ளிப் பாருங்கள். பஞ்சர் கடை கம்பிரசரில் அடித்தால் கொஞ்சம் கொஞ்சமாக, மீட்டர் பார்த்து அடிக்கச் சொல்லுங்கள். சின்ன டியூப், சட்டென்று வெடித்துவிடும். காற்று சரியாக இருந்தும் உருண்டால் மட்டும் பிரேக் போல்ட்டைத் தளர்த்தி, கட்டையை டயர் பக்கம் நகர்த்தி இறுக்குங்கள். காற்றில்லாத டயருக்கு ஏற்ப நகர்த்தினால், காற்றடித்த பிறகு லிவர் மடங்காது. வால்வு இல்லாத கெட்டி ரப்பர் டயருக்குக் காற்றுப் பேச்சே இல்லை.

மணலில் முதலில் புதைவது முன்னாலுள்ள சின்னச் சக்கரம். வண்டியைப் பின்னால் சாய்த்து, முன்சக்கரம் தரையில் படாமல், பின்னோக்கி இழுத்துப் போங்கள். கூட ஒருவர் கட்டாயம் வேண்டும்.