தோற்றுக்கொண்டிருந்தவர்களுக்கும் வேலை கொடுத்த ஸ்டூடியோ

ஒரு பாட்டு ஓடவில்லையா, ஆளை மாற்று. அடுத்த பாட்டும் ஓடவில்லையா, அந்தப் பெயரையே மறந்துவிடு. பாப் இசை வியாபாரம் பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது. புதிய பாடகர்களை வளர்ப்பது பற்றி யாராவது பேசினால், என் நினைவு உடனே டெட்ராய்ட் நகரின் வெஸ்ட் கிராண்ட் பூலவார்டில் உள்ள 2648-ஆம் எண் வீட்டுக்குப் போய்விடும். கார் தொழிற்சாலையில் வேலை பார்த்த பெர்ரி கோர்டி, குடும்பத்தாரிடம் 800 டாலர் கடன் வாங்கி 1959-இல் தொடங்கிய மோட்டவுன் இசைத்தட்டு நிறுவனம் அங்கேதான் இருந்தது.

மோட்டவுனின் பாடகியர் குழுவான சுப்ரீம்ஸ் என்றால் டயானா ராஸ், ஃபுளோரன்ஸ் பல்லார்ட், மேரி வில்சன் மூவரின் மின்னும் உடைகளும் வரிசையாக வந்த முதலிடங்களும்தான் பலருக்குத் தெரியும். எனக்குப் பிடித்தது அதற்கு முந்தைய மூன்று ஆண்டுகள். பள்ளி மாணவிகளாக வந்து நின்றவர்களிடம், முதலில் படிப்பை முடியுங்கள் என்றார் கோர்டி. அவர்கள் விடவில்லை. பள்ளி விட்டதும் ஸ்டூடியோவுக்கு வந்து உட்கார்ந்துவிடுவார்கள். மற்றவர்களின் பாட்டுக்குக் கைதட்டினார்கள், பின்னணிக் குரல் கொடுத்தார்கள். 1961-இல் ஒப்பந்தம் கிடைத்தது. அதன் பிறகு வந்த இசைத்தட்டுகள் ஒவ்வொன்றாகப் படுத்தன. நிறுவனத்துக்குள்ளேயே ‘ஹிட் இல்லாத சுப்ரீம்ஸ்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

ஆனாலும் யாரும் அவர்களை வீட்டுக்கு அனுப்பவில்லை. நான் பொறுமை என்று சொல்வது இதைத்தான். கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பதை அல்ல. தோற்றவரைத் தினமும் உள்ளே வரச்சொல்லி, வேறு பாட்டு, வேறு மெட்டு என்று கொடுத்துக்கொண்டே இருப்பதை. மார்வின் கே பாடும்போது பின்னால் நின்று குரல் கொடுக்கும் பெண்ணுக்கு மைக் எங்கே இருக்க வேண்டும், மூச்சு எங்கே விட வேண்டும் என்பது தானாகவே பழகிவிடும். எந்த வகுப்பறையிலும் அதைக் கற்றுக்கொடுக்க முடியாது.

1964-இல் மோட்டவுனின் பாடலாசிரியர்களான ஹாலந்து - டோசியர் - ஹாலந்து மூவரும் ‘வேர் டிட் அவர் லவ் கோ’ என்ற பாட்டை எழுதினார்கள். முதலில் அது மார்வலெட்ஸ் குழுவிடம் போனது; அவர்கள் வேண்டாம் என்றார்கள். சுப்ரீம்ஸுக்கும் அந்தப் பாட்டு பிடிக்கவில்லை. மார்வலெட்ஸ் பாடகிக்கு ஏற்ற சுருதியில் இசை ஏற்கெனவே பதிவாகியிருந்ததால், டயானா ராஸ் தன் வழக்கமான உயரத்திலிருந்து இறங்கிப் பாட வேண்டியிருந்தது. அந்தத் தாழ்ந்த, நெருங்கிவந்து பேசும் குரல்தான் அதுவரை யாருக்கும் தெரியாமல் இருந்த டயானா ராஸ். அந்தக் கோடையில் பெரிய பாடகர்கள் கூட்டத்தோடு ஊர் ஊராகச் சென்றார்கள். புறப்படும்போது விளம்பரத்தில் ‘மற்றும் பலர்’ என்பதற்குள் அடங்கியிருந்தவர்கள், திரும்பும்போது பட்டியலின் உச்சியில் இருந்தார்கள். ஆகஸ்டில் அந்தப் பாட்டு அமெரிக்காவில் முதலிடம். அடுத்தடுத்து வந்த நான்கும் முதலிடம்.

இதை அதிர்ஷ்டம் என்பவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. 1962-இலேயே கைவிட்டிருந்தால் அந்தச் சுருதியில் பாட யார் இருந்திருப்பார்கள்?

நடை, உட்காரும் விதம், பேச்சு எல்லாவற்றையும் சொல்லித்தர மேக்சின் பவல் வந்தார். நடனத்துக்குச் சோலி அட்கின்ஸ். வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் புதிய பதிவுகளைப் போட்டுக் கேட்டு, கையில் ஒரு டாலர்தான் இருக்கிறது, இந்தத் தட்டை வாங்குவாயா, சாண்ட்விச் வாங்குவாயா என்று கோர்டி கேட்பாராம். கறாரான கேள்விதான். ஆனால் அது பாட்டை நோக்கிக் கேட்கப்பட்டது, பாடியவரை நோக்கி அல்ல.

இந்தக் கதைக்கு இருண்ட பக்கமும் உண்டு. தட்டை வெளியிடுவது, பாடலின் உரிமையை வைத்திருப்பது, பாடகரின் மேலாளராக இருப்பது எல்லாம் கோர்டியின் கைக்குள்ளேயே இருந்தன. சுப்ரீம்ஸ் என்ற பெயரைத் தேர்ந்தெடுத்த ஃபுளோரன்ஸ் பல்லார்ட் 1967-இல் குழுவிலிருந்து நீக்கப்பட்டார். வறுமையில் விழுந்து, 1976-இல் 32 வயதில் இறந்துபோனார். தோல்வியில் மூன்று ஆண்டுகள் தாங்கிப் பிடித்தவர்கள் வெற்றியின் நடுவே அவரைத் தாங்கவில்லை. இதை என்னால் மன்னிக்க முடியாது.

அதே கட்டடத்தில் நடந்த இன்னொன்றைச் சொல்லியாக வேண்டும். கண்பார்வையற்ற பாடகர் ஸ்டீவி வொண்டர் 11 வயதில் அங்கே சேர்ந்தவர். 13 வயதில் அமெரிக்க முதலிடம். பிறகு மகரக்கட்டு உடைந்தது. தட்டுகள் விற்கவில்லை. இனி இவனை என்ன செய்வது என்று பெரியவர்கள் கைவிரிக்கும் நிலை. நம் தொலைக்காட்சிப் போட்டிகளில் சின்ன வயதில் பரிசு வாங்கிய பையன்களைப் பற்றி எனக்குள்ள கவலையும் இதுதான். கைதட்டிய அரங்கம், மகரக்கட்டு உடையும் வயதில் அவர்களைத் தேடி வருவதே இல்லை.

மோட்டவுனில் ஸ்டீவியைத் தேடிப் போனவர் சில்வியா மாய் என்ற இளம் பாடலாசிரியை. நான் இவனோடு வேலை செய்கிறேன், ஹிட் கொடுத்தால் இவனை வைத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டார். உன்னிடம் இருப்பதையெல்லாம் வாசித்துக் காட்டு என்று ஸ்டீவியிடம் சொன்னார். கடைசியில் வந்தது ஒரு துண்டு மெட்டும் இரண்டொரு சொல்லும். அதைப் பிடித்து, ஹென்றி காஸ்பியையும் சேர்த்துக்கொண்டு, ‘அப்டைட்’ பாட்டை முடித்தார். பதிவு செய்யும்போது வரிகள் பிரெய்லியில் இல்லை. மாய் ஒவ்வொரு வரியையும் ஒரு வரி முன்னதாக ஹெட்போன் வழியே ஸ்டீவியின் காதில் சொல்லச் சொல்ல, அவர் பாடிக்கொண்டே போனார். அந்தப் பாட்டில் ஒரு தடுமாற்றமும் தெரியாது, கேட்டுப் பாருங்கள். 1966 தொடக்கத்தில் அது மூன்றாம் இடம் வரை ஏறியது. பையன் தங்கினான். 1970-களில் அதே மோட்டவுனுக்காக அவர் செய்த மூன்று ஆல்பங்கள் ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான கிராமி விருதைப் பெற்றன.

‘அப்டைட்’ தட்டில் சில்வியா மாயின் பெயர் பாடலாசிரியர்களில் ஒருவராக மட்டுமே இருக்கிறது. தயாரிப்பாளர்கள் என்று இரண்டு ஆண்களின் பெயர்கள். என்னைக் கேட்டால், தயாரிப்பாளர் என்று முதலில் எழுத வேண்டிய பெயர் அவருடையது.