அமெரிக்க வரிப் படிவம் தயாரிக்கத் தேர்வு கட்டாயமா?

சுங்கை சிப்புட் பக்கம் புலனக் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது: வீட்டிலிருந்தே அமெரிக்கர்களுக்கு வருமான வரிப் படிவம் தயாரித்துச் சம்பாதிக்கலாம், ஆனால் ஐஆர்எஸ் (அமெரிக்க வரித்துறை) தேர்வு கட்டாயம், எங்கள் 18 மணி நேர வகுப்புக்குக் காசு கட்டினால் உரிமம் கையில். தவறு.

அப்படி ஒரு தேர்வை 2011இல் ஐஆர்எஸ் கொண்டுவந்தது உண்மைதான். அந்த அதிகாரமே அதற்கு இல்லை என்று 2013இல் நீதிமன்றம் தடுத்துவிட்டது, 2014இல் மேல்முறையீட்டிலும் அதே தீர்ப்பு. இன்று அமெரிக்க மத்திய அரசு அளவில், கூலி வாங்கிப் படிவம் தயாரிப்பவருக்குக் கட்டாயம் பிடிஐஎன் (PTIN) எனும் தயாரிப்பாளர் அடையாள எண்தான். அதை ஐஆர்எஸ்ஸிடமே நேரே எடுக்கலாம், ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். கலிபோர்னியா, ஓரிகன் போன்ற சில மாநிலங்களுக்குத் தனி விதி உண்டு.

சரி, அந்த 18 மணி நேரம்? அது விரும்பினால் சேரும் ஐஆர்எஸ்ஸின் ஆண்டுத் திட்டம், உரிமம் இல்லை. தேர்வு எழுதி வாங்கும் தகுதி என்ரோல்டு ஏஜெண்ட் (வரி செலுத்துவோர் சார்பில் ஐஆர்எஸ் முன் பேச அனுமதி பெற்றவர்): மூன்று பகுதித் தேர்வு, அப்புறம் 3 ஆண்டுக்கு 72 மணி நேரத் தொடர்கல்வி, எந்த ஆண்டிலும் 16க்குக் குறையக்கூடாது, அதில் 2 மணி நேரம் நெறிமுறை. கணக்கியல் படித்த நம் பிள்ளைகள் தாராளமாக முயலலாம், ஆனால் தகுதியைக் கொடுப்பது ஐஆர்எஸ், கடைவீட்டு மாடி வகுப்பு அல்ல.

இந்த அமெரிக்கத் தகுதியைக் காட்டி இங்கே மலேசியாவில் தோட்டத்து மக்களுக்கு வரி முகவராக உட்காரவும் முடியாது. அதற்கு 1967 வருமான வரிச் சட்டம் 153ஆம் பிரிவின்படி நிதியமைச்சின் அனுமதி வேண்டும்.