மலபார் என்றால் மலையாளம் மட்டும்தானா?

1578இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' என்னும் கிறித்தவ மறைக்கல்வி நூல் மலபார் மொழி நூல் என்று அதன் முகப்பிலேயே குறிக்கப்பட்டிருப்பதால், அது தமிழ் நூலன்று, மலையாள நூலே என்னும் செய்தி வாட்ஸ்அப்பில் வலம் வருகிறது. இது தவறு. முகப்பிலுள்ள போர்த்துகீசியத் தொடரை முழுமையாகப் படித்தால் 'லிங்குவா மலவார் தமுல்', அதாவது 'மலபார்த் தமிழ் மொழி', என்றிருக்கும். பரப்புவோர் கடைசிச் சொல்லை விட்டுவிடுகிறார்கள். உள்ளே இருப்பதும் தமிழ் உரைநடைதான்.

மலை என்னும் நம் சொல்லோடு, நாடு அல்லது கரை எனப் பொருள்படும் பாரசீக, அரபுச் சொல்லான 'பார்' சேர்ந்து மலபார் உருவாயிற்று என்பதே பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். அரபு வணிகர் வழியே அப்பெயரைக் கேட்டறிந்த போர்த்துகீசியர், மேற்குக் கரையில் முதலில் பழகிய மக்களுக்கு இட்ட பெயரைக் கிழக்குக் கரைத் தமிழருக்கும் நீட்டிவிட்டனர். பின்வந்த டச்சுக்காரரும் ஆங்கிலேயரும் அதைத் திருத்த மெனக்கெடவில்லை. சென்னை வேப்பேரியில் 1779இல் வெளிவந்த, ஜெர்மானியப் பாதிரியார் பப்ரிசியுசின் தமிழ்-ஆங்கில அகராதி, ஐரோப்பியர் பொதுவாக மலபார் மொழி என்றழைக்கும் தமிழ் என்று தன் தலைப்பிலேயே விளக்கம் சொல்கிறது.

யாழ்ப்பாணத்து மரபுவழி வழக்கங்களைத் தொகுத்த தேசவழமைச் சட்டத்தில் வரும் 'மலபார் குடிகள்' என்னும் சொல்லை மட்டும் வைத்து, அவர்கள் கேரளத்திலிருந்து வந்தவர்கள் என நிறுவ முயல்வதும் இதே பிழைதான். அச்சட்டத்தில் அச்சொல் யாழ்ப்பாணத் தமிழரையே குறிக்கிறது.