ஒரு கைப்பிடி என்பது எத்தனை கிராம்?

அப்பாவுக்கு ரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகம் தளர்வதைக் காட்டும் கழிவு) ஏறிய அன்றே பாதாம் டப்பா மேல் அலமாரிக்குப் போய்விட்டது. "கிட்னி பேஷன்ட் கொட்டை வகையே தொடக்கூடாது" என்றார் ஒரு உறவினர். அதே வாரம் இன்னொருவர், "தினமும் ஒரு கைப்பிடி பூசணி விதை கொடுங்க, ரத்தம் சுத்தமாகும்" என்று வாட்ஸ்அப்பில் அனுப்பினார். அப்பாவின் ரத்த ரிப்போர்ட்டை இருவருமே பார்த்ததில்லை. சிறுநீரகம் தளர்ந்தால் ரத்தத்தில் தேங்கக்கூடிய பொட்டாசியமும் பாஸ்பரஸும் எவ்வளவு என்று தெரியாமல் தடை போடுவதும் தவறு, அள்ளிக் கொடுப்பதும் தவறு என்பது என் கட்சி.

எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்டுவதில்தான் சிக்கல். 30 கிராம் மெக்கடேமியா கொட்டையில் பாஸ்பரஸ் ஏறக்குறைய 55 மில்லிகிராம். அதே எடை பூசணி விதையில் 350-ஐத் தாண்டும். பொட்டாசியத்தை எடுத்துக்கொண்டால், 30 கிராம் பிஸ்தாவில் 300 மில்லிகிராம், வால்நட்டில் அதில் பாதிகூட இல்லை. பாதாம் இரண்டுக்கும் நடுவில். ஆனால் அதில் ஆக்சலேட் அதிகம். ஆக்சலேட்டால் உண்டாகும் சிறுநீரகக் கல் வந்தவர்களுக்கு அது தனிப் பஞ்சாயத்து.

இந்த எண்களைப் பார்த்தும் பயந்துவிட வேண்டாம். விதையிலும் கொட்டையிலும் இருக்கும் பாஸ்பரஸில் பெரும்பகுதி பைடேட் என்ற சேர்மமாகக் கட்டுண்டு கிடக்கிறது. அதை உடைக்கும் நொதி நம் குடலில் போதுமான அளவு இல்லாததால், பாதிக்கும் குறைவாகத்தான் ரத்தத்தில் சேர்கிறது. பதப்படுத்திய இறைச்சி, கோலா, புரோட்டீன் பார் போன்றவற்றில் சேர்க்கும் பாஸ்பேட் உப்புகள் அப்படியில்லை, கிட்டத்தட்ட முழுதாக உள்ளே போகும். பாதாமைப் பூட்டி வைத்துவிட்டு, பாஸ்பேட் சேர்த்த பாக்கெட் பாதாம் பாலை வாங்கி ஊற்றியவர்கள் நாங்கள். லேபிளில் 'பாஸ்பேட்' என்று முடியும் எந்தச் சொல்லைப் பார்த்தாலும் இப்போது பாக்கெட்டைத் திரும்ப வைத்துவிடுகிறேன். உப்பு போட்டு வறுத்ததைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

அப்புறம், "முளைகட்டிச் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது" என்பார்கள். முளைகட்டும்போது பைடேட் குறைகிறது. மற்றவர்களுக்கு அது நல்ல செய்தி. பாஸ்பரஸ் ஏறியிருப்பவருக்கோ, கட்டுண்டு கிடந்ததை அவிழ்த்துவிட்ட மாதிரி.

அடியோடு நிறுத்துவதிலும் நஷ்டம் உண்டு. சிறுநீரகம் தளரும்போது பொட்டாசியத்தை வெளியேற்றும் வேலையில் குடலுக்கும் பங்கு கூடுகிறது. நார்ச்சத்து குறைந்து மலச்சிக்கல் வந்தால் அந்த வழியும் மந்தமாகும். டயாலிசிஸில் இருப்பவர்களுக்குப் புரதத் தேவையே அதிகம். அவர்கள் கணக்கு வேறு. உணவின் பாஸ்பரஸ் ரத்தத்தில் சேராமல் தடுக்கும் மாத்திரை எடுப்பவர்கள், இடைவேளையில் கொட்டை சாப்பிடும்போதும் அந்த மாத்திரை வேண்டுமா என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியில் டயட்டீஷியன் ரிப்போர்ட்டைப் பார்த்து, உப்பில்லாத வால்நட் ஒரு நாளைக்கு 15 கிராம் என்றார். "அரைக் கைப்பிடிதானே" என்றார் அப்பா. சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தோம். என் கைப்பிடி 28 கிராம், அவருடையது 46! அன்றிலிருந்து எண்ணித்தான் கொடுக்கிறேன், ஏழு அரைப் பருப்பு. டப்பாவின் அடியில் கிடக்கும் உடைந்த துண்டுகள் கணக்கில் வராது என்று அவர் இன்னமும் வாதாடிக்கொண்டிருக்கிறார்.