சான்று வாங்கிய பிறகு சுவர் எழுப்பினால்?

குடியேறும் முன் தீயணைப்புத் துறையின் தடையில்லாச் சான்று இருந்தால் கட்டடம் பாதுகாப்பானது என்று தீப்பாதுகாப்பு பற்றி வந்த ஒரு கட்டுரை சொல்கிறது. புதுக் கட்டடத்துக்குச் சரி, அப்புறம் உள்ளே செய்கிற மாற்றங்களை யார் பார்ப்பது? நான் எலக்ட்ரிக்கல் மேற்பார்வையாளர். சில வருடங்களுக்கு முன் ஒரு சின்னத் தனியார் மருத்துவமனையில் வயரிங் மாற்றப் போயிருந்தேன். வரைபடத்தில் இரண்டு மாடிப்படி. நேரில் போனால் பின்பக்கப் படியின் வாசலில் பிளைவுட் அடித்து மருந்து ஸ்டோராக்கி விட்டார்கள். கதவைத் திறந்தால் படிக்கட்டு முழுக்க குளுக்கோஸ் பாட்டில் வந்த அட்டைப்பெட்டிகள், கைப்பிடி உயரத்துக்கு. தீயணைப்புக் குழாயின் வால்வைத் திருப்பினேன், ஒரு சொட்டு வரவில்லை. மாடியில் டயாலிசிஸ் நோயாளிகள், எழுந்து ஓட முடியாதவர்கள். படியைக் காலி செய்தால்தான் வேலையைத் தொடருவேன் என்று சொன்னேன், இரண்டு நாள் இழுத்தடித்துவிட்டுக் காலி செய்தார்கள். அந்தக் கட்டுரைக்குக் கருத்துச் சொன்ன ஒரு நண்பர், சான்று என்பது வெறும் அலைச்சல், அதை நீக்கிவிடலாம் என்று எழுதியிருக்கிறார். அதை ஏற்கவே முடியாது. கும்பகோணத்தில் 2004 ஜூலை 16 அன்று 94 குழந்தைகள் கருகிய பள்ளியில் சமையல் கூடத்தில் பிடித்த தீ கீற்றுக் கூரைக்குத் தாவியது, இறங்க இருந்ததோ குறுகலான படி. அலைச்சல் இருக்கட்டும் ஐயா. ஒரு தடுப்புச் சுவர் எழுப்பினாலும், ஓர் அறையின் பயன்பாட்டை மாற்றினாலும் அதிகாரி மறுபடி வந்து படியேறிப் பார்க்க வேண்டும், வால்வைத் திறந்து பார்க்க வேண்டும்.