விழுகிறவனைப் பாருங்கள்

எனக்குச் சண்டைப் படம் பிடிக்கும். இதைச் சொல்வதில் ஒரு கூச்சமும் இல்லை. "இந்த வயசிலயும் அடிதடிப் படமா?" என்று கேட்கிற நண்பர்கள் இருக்கிறார்கள். நாற்பத்தைந்து வயதாகிறது, ஆமாம், அடிதடிப் படம்தான். நல்ல சண்டைக் காட்சி நல்ல பாட்டுக்குக் கொஞ்சமும் குறைந்ததில்லை. தாளம் தப்பினால் பாட்டு கெட்டுப்போகிற மாதிரி அதுவும் கெட்டுப்போகும். போன வாரம் பார்த்த ஒரு படத்தில் அது கெட்டுப்போன விதம் மனதை விட்டுப் போகவே மாட்டேன் என்கிறது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

என் அப்பா கானாடுகாத்தானில் ஒரு பெரிய வீட்டைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தார். வீட்டுக்காரர்கள் வெளியூரில். கல்யாணம், முன்னோருக்குப் படைக்கிற படைப்பு என்றால் வருவார்கள். மற்ற நாளெல்லாம் சாவிக்கொத்து அப்பா இடுப்பில்தான் கிடக்கும். சினிமாக்காரர்களுக்கு எங்கள் பக்கத்து வீடுகள் மேல் தனி ஆசை உண்டு. பர்மாத் தேக்குத் தூண், ஆத்தங்குடிக் கல் பதித்த தளம், ஒரு வாசலில் நின்றால் அடுத்த தெரு தெரிகிற நீளம். பண்ணையார் வீடு வேண்டுமா, வில்லன் வீடு வேண்டுமா, செட்டிநாட்டுக்கு வண்டி கிளம்பிவிடும். சினிமா எங்களுக்குப் புதுசும் இல்லை. ஏவி.எம். சென்னைக்குப் போவதற்கு முன்னால் காரைக்குடியில்தான் ஸ்டூடியோ வைத்திருந்தார். 1947-இல் வந்த 'நாம் இருவர்' இங்கே எடுத்த படம்.

நான் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருந்த கோடையில் அந்த வீட்டில் ஒரு சண்டைக் காட்சி எடுத்தார்கள். வளவில், அதாவது முற்றத்தைச் சுற்றிய உள்கட்டில், நிற்கிற அடியாளை ஹீரோ உதைக்க, அவன் பின்பக்கமாகப் பறந்து முற்றத்தில் விழ வேண்டும். முற்றத்தில் மெத்தை போட்டு, மேலே சாக்கு விரித்து, அதன்மேல் மண்ணைத் தூவி மறைத்திருந்தார்கள். விழ வேண்டிய பையனுக்கு இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயது இருக்கும். ஒல்லி. சட்டைக்குள்ளே முழங்கைக்கும் முதுகுக்கும் பட்டை கட்டிக்கொண்டு, கண்ணை மூடி எதையோ முணுமுணுத்துவிட்டு வந்து நின்றான்.

உதைக்கிற கால் ஹீரோவுடையது இல்லை, இன்னொரு ஃபைட்டருடையது. ஹீரோ முகப்பில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அது எனக்கு அப்போது பெரிய அதிர்ச்சி.

முதல் டேக்கில் அந்தப் பையன் அரை அடி தள்ளி விழுந்துவிட்டான். முற்றத்து ஓரத்துக் கருங்கல்லில் தோள் பட்டது. நெல் மூட்டையைத் தரையில் போட்டால் வருமே, அந்த மாதிரி ஒரு சத்தம். 'டிஷ்யூம்' கிடையாது, 'தொப்' என்று உள்ளடங்கிய சத்தம். வளவே அமைதியாகிவிட்டது. அவன் அப்படியே கிடந்தபடி கையைத் தூக்கி, "ஒண்ணுமில்ல மாஸ்டர்" என்றான். சண்டைக் காட்சியை அமைக்கிற மாஸ்டர் இறங்கிப் போய்த் தோளை அமுக்கிப் பார்த்தார். பிறகு இரண்டாவது டேக். அதில் கேமராவில் ஏதோ சரியில்லை. மூன்றாவதுதான் ஓகே ஆனது.

சாயங்காலம் அம்மா உப்பை வறுத்துத் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுத்தாள். "ஏம்ப்பா, நீ இந்த வேலை பாக்குறது ஒங்க ஆத்தாளுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள்.

"தெரியும்மா. படம் வந்தா கூட்டிட்டுப் போய்க் காட்டுவேன். ஆனா அவுங்களுக்கு என்னைக் கண்டுபிடிக்கத் தெரியாது, முதுகுதானே தெரியும்" என்றான்.

படம் காரைக்குடிக்கு வந்தபோது அந்த ஒரு இடத்துக்காகவே போனேன். மொத்தமே ஒரு நொடிதான். ஆனால் அந்த ஒரு நொடியை வெட்டாமல் வைத்திருந்தார்கள். உதை வாங்குகிறான், கால் தரையை விட்டு எழும்புகிறது, முற்றத்தில் விழுகிறான், மண் பறக்கிறது. எல்லாம் ஒரே ஷாட். கொட்டகை முழுக்க "ஆ" என்றது. கைதட்டல் ஹீரோவுக்குத்தான். ஆனால் அந்த உதைக்குப் பலம் கொடுத்தவன் விழுந்தவன். அன்றைக்கு எனக்குள் விழுந்த எண்ணம் இன்று வரை மாறவில்லை. சண்டைக் காட்சியை நடத்துகிறவன் அடிக்கிறவன் இல்லை, விழுகிறவன்.

இதை யோசித்துப் பார்த்தால் எளிதாகப் புரியும். குத்து முகத்தில் படுவதே இல்லை. கேமராவை ஒருவர் முதுகுப் பக்கம் வைத்துவிட்டால் கைக்கும் கன்னத்துக்கும் நடுவில் இருக்கிற இடைவெளி தெரியாது. கை காற்றில்தான் போகிறது. சரியான நேரத்தில் தலையைத் திருப்பி, உடம்பை விட்டு, முதுகைத் தரையில் கொடுக்கிறானே, அவன்தான் அந்தக் காற்றைக் குத்தாக மாற்றுகிறான். அரை நொடி முந்தினாலும் பொய், பிந்தினாலும் பொய்.

இப்போது வருகிற படங்களில் எனக்குப் பெரிய குறை இதுதான். விழுவதைப் பார்க்கவே விடுவதில்லை. கை ஓங்குவது ஒரு துண்டு, முகம் ஒரு துண்டு, கண்ணாடி உடைவது ஒரு துண்டு, உடனே ஹீரோவின் கண், அதுவும் மெதுவாக. யார் எங்கே நிற்கிறார், இருவருக்கும் நடுவில் எத்தனை அடி தூரம், கதவு எந்தப் பக்கம், எதுவும் தெரியாது. இல்லையென்றால் ரோப் கட்டி ஆளை இருபது அடி தூக்கி எறிகிறார்கள். பஞ்சுத் தலையணை பறக்கிற மாதிரி இருக்கிறது, ஆள் மாதிரி இல்லை. ரோப் தப்பு என்று சொல்லவில்லை, உயிரைக் காப்பாற்றுகிற சாமான் அது. ஆனால் கம்ப்யூட்டரில் கயிற்றை அழிக்கிறவர்கள் உடம்பின் கனத்தையும் சேர்த்து அழித்துவிடுகிறார்கள்.

தை மூன்றாம் நாள் சிராவயல் மஞ்சுவிரட்டுக்குப் போனவர்களுக்கு நான் சொல்வது இன்னும் நன்றாக விளங்கும். தொழுவிலிருந்து வருகிற மாடு ஒரு பக்கம், சுற்றிலும் பொட்டலில் அவிழ்த்துவிடுகிற கட்டுமாடுகள் ஒரு பக்கம். அங்கே நிற்கிற ஒவ்வொருவனும் ஒன்றை மட்டும்தான் பார்ப்பான், மாட்டுக்கும் தனக்கும் எவ்வளவு தூரம். மாடு தலையைத் திருப்பினால் நூறு பேர் உடம்பும் சேர்ந்து திரும்பும். அந்தப் பயம் உண்மை. அதனால்தான் பத்து விநாடி திமிலைப் பிடித்தவனை ஊரே தூக்கி வைத்துக் கொண்டாடுகிறது. அப்புறம் இன்னொன்றும் உண்டு. பிடிபடாத மாட்டுக்கும் அங்கே மரியாதை. "யாரு மாடுய்யா அது?" என்று வருடம் முழுக்கப் பேசுவார்கள். கன்றுக்குட்டியைப் பிடித்தவனை யாரும் தோளில் தூக்குவதில்லை.

வில்லன் விஷயத்திலும் அதே கணக்குதான். 'முரட்டுக் காளை' நான் பிறந்த வருடம், 1980-இல் வந்த படம். எடுத்த எஸ்.பி.முத்துராமன் எங்கள் காரைக்குடியில் பிறந்தவர் என்பதில் எங்களுக்கெல்லாம் ஒரு பெருமை. அந்த ரயில் மேல் சண்டையை இப்போது போட்டுப் பார்த்தாலும் எனக்கு உள்ளங்கை வேர்க்கிறது. ரஜினி மட்டும் காரணம் இல்லை. படத்தில் அவருக்கு எதிரே நின்றவர் ஜெய்சங்கர். பதினைந்து வருடம் ஹீரோவாக இருந்து, துப்பறியும் படங்களில் தானே அத்தனை பேரை அடித்தவர், முதல் தடவையாக வில்லனாக வருகிறார். அவர் விழ வேண்டும் என்றால் அதற்கு ஒரு பெரிய அடி வேண்டும் என்று பார்க்கிறவனுக்குத் தோன்றும். சண்டை அமைத்தவர் ஜூடோ கே.கே.ரத்தினம். 1200 படங்களுக்கு மேல் வேலை செய்தவர். பிற்பாடு மாஸ்டரான பலர் அவரிடம் ஃபைட்டராக விழுந்து எழுந்தவர்கள். 2023 ஜனவரியில் அவர் காலமானபோது எனக்கு வீட்டில் ஒரு பெரியவர் போனது போல இருந்தது.

சமீபத்தில் அந்த நிறைவைக் கொடுத்தது 'சார்பட்டா பரம்பரை' என்ற குத்துச்சண்டைப் படம். அதில் டான்சிங் ரோஸ் வருகிற ஒரு சண்டை போதும். அவன் கெட்டவனே இல்லை. எதிர்ப் பரம்பரைக்காரன், அதாவது எதிர்க் குத்துச்சண்டைக் குழுக்காரன், அவ்வளவுதான். கால் தரையில் பாவாமல் ஆடிக்கொண்டு வருகிறான், ஹீரோ கபிலனுக்கு அவன் எங்கே இருக்கிறான் என்றே பிடிபடவில்லை. நமக்கும் பிடிபடவில்லை. பிறகு கபிலன் அந்த ஆட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் படிக்கிறான். நாமும் கூடவே படிக்கிறோம். அந்தச் சண்டையில் எதிராளியை வெறுக்க வேண்டிய தேவையே வரவில்லை. தோற்றவனைத்தான் ஊரே பேசியது.

என் அப்பத்தா எம்.ஜி.ஆர். ரசிகை. 'ரிக்‌ஷாக்காரன்' படத்தில் ரிக்‌ஷாவை ஓட்டிக்கொண்டே கம்பு சுற்றுவாரே, அதைக் கையை ஆட்டி ஆட்டிச் சொல்லும். "நெசமாவே வித்தை தெரிஞ்ச மனுசன்டா, கம்பைப் பிடிக்கிற பிடியிலேயே தெரியலையா?" என்று கேட்கும். எங்கள் பக்கம் சிலம்பம் பார்த்து வளர்ந்த கிழவி அது, பிடி எது நடிப்பு எது என்று தெரியும். அதற்கும் முந்தின தலைமுறைக்குப் பக்கத்துப் புதுக்கோட்டையின் பி.யு.சின்னப்பா இருந்தார், அவரும் சிலம்பம் கற்றவர். கம்பு, வாள், வெறும் கை எல்லாவற்றுக்கும் ஒரு தூரம் உண்டு. அந்தத் தூரத்தை உடம்பு கடக்க வேண்டும். கடக்கும்போதுதான் நமக்கு மூச்சு நிற்கிறது.

துப்பாக்கியில் அது போய்விட்டது. இப்போதெல்லாம் பெரிய படம் என்றால் கடைசியில் பீரங்கி அளவுக்கு ஒரு துப்பாக்கி வந்துவிடுகிறது. ஹீரோ ஒரே இடத்தில் நின்று சுடுகிறார், எதிரே இருநூறு பேர் சரிகிறார்கள். ஒருவன் முகமும் மனதில் நிற்பதில்லை. நான் போன வாரம் பார்த்த படத்தில் தலைகள் வேறு உருண்டன. பக்கத்து இருக்கையில் ஐந்து வயதுப் பிள்ளை, அம்மா மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு "போலாம், போலாம்" என்று அழுதுகொண்டே இருந்தது. இப்போது யு/ஏ சான்றிதழை 7, 13, 16 என்று வயது வாரியாகப் பிரித்துத்தான் கொடுக்கிறார்கள். டிக்கெட் எடுக்கும் முன் அந்த எண்ணைப் பார்த்துவிடுங்கள், தயவு செய்து.

ரத்தமே கூடாது என்று நான் சொல்லவில்லை. 'தேவர் மகன்' முடிவில் வெட்டு இருக்கிறது, ரத்தம் இருக்கிறது. ஆனால் வெட்டியவன் ஜெயித்தவனாக நடந்து போவதில்லை. போலீஸோடு போகிறான், பின்னால் ஊர் அழுதுகொண்டு நிற்கிறது. அந்த ஒரு கொலை நம்மோடு வீட்டுக்கு வருகிறது. இருநூறு கொலை தியேட்டர் வாசலிலேயே உதிர்ந்துவிடுகிறது.

இதில் என்னை உண்மையாகவே வருத்துவது இன்னொன்று. 2025 ஜூலையில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் ஒரு படப்பிடிப்பில் கார் கவிழும் காட்சியை எடுக்கும்போது எஸ்.எம்.ராஜு என்ற ஸ்டண்ட் கலைஞர் இறந்துபோனார். அந்த வீடியோ எனக்கே நாலைந்து வாட்ஸ்அப் குழுக்களில் வந்தது. கார் எழும்பிப் புரள்கிறது, பிறகு எல்லோரும் அதை நோக்கி ஓடுகிறார்கள். அதை அனுப்பிய ஒருவருக்கும் அதற்கு முன்னால் அவர் பெயர் தெரியாது. எனக்கும் தெரியாது. அவர் புரட்டிய எத்தனையோ வண்டிகளைப் பார்த்து நானும் விசில் அடித்திருப்பேன்.

தேசிய விருதில் சண்டை அமைப்புக்கு ஒரு இடம் கிடைத்ததே 2016-ஆம் வருடப் படங்களுக்குத்தான். முதல் விருது 'புலிமுருகன்' மலையாளப் படத்துக்காகப் பீட்டர் ஹெய்னுக்குப் போனது. ஆஸ்காரிலும் 2027-இல் வெளியாகும் படங்களிலிருந்து ஸ்டண்ட் வடிவமைப்புக்கு விருது தரப் போவதாக அறிவித்திருக்கிறார்கள். சந்தோஷம், ரொம்பச் சந்தோஷம். ஆனால் அது மாஸ்டரோடு நின்றுவிடக் கூடாது. விழுந்தவர்கள் பெயரைப் படம் முடிந்ததும் படிக்கிற வேகத்தில், படிக்கிற அளவு எழுத்தில் போடுங்கள் என்பதுதான் என் ஆசை. காப்பீடும் படப்பிடிப்பு இடத்தில் ஆம்புலன்ஸும் இல்லாமல் ஒரு கார் கூடப் புரளக் கூடாது.

ஞாயிற்றுக்கிழமை என் பையனுக்கு 'போலீஸ் ஸ்டோரி' போட்டுக் காட்டினேன். 1985-இல் வந்த ஜாக்கி சான் படம். கடைசியில் அந்தக் கடைத்தொகுதிக்குள் ஜாக்கி உயரத்திலிருந்து கம்பத்தைப் பிடித்துச் சறுக்கி இறங்குவார். சுற்றியிருக்கும் விளக்குகள் வெடித்துக்கொண்டே வரும். கீழே கண்ணாடியைப் பிய்த்துக்கொண்டு விழுவார். கை வெந்தே போனது அதில். அதே குதிப்பைத் திரும்பத் திரும்ப வேறு வேறு கோணத்தில் காட்டுவார்கள். பையன் எழுந்து டிவி பக்கத்தில் போய் நின்றுகொண்டான்.

ஆனால் அவன் கேட்டது ஜாக்கியைப் பற்றி இல்லை. அதற்கு முன்னால் கண்ணாடிப் பெட்டி மேல் முதுகு அடிபட விழுகிற ஒரு அடியாளைக் காட்டி, "அப்பா, அந்த மாமா யாரு? அவருக்கு என்னாச்சு?" என்றான். எனக்குத் தெரியவில்லை. ஜாக்கியின் ஸ்டண்ட் குழுவில் ஒருவராக இருக்கும் என்றேன். படம் முடிந்து, எடுக்கும்போது பட்ட அடிகளையெல்லாம் காட்டிக்கொண்டே பெயர்கள் ஓடின. எது அவருடையது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. மறுபடியும் முதலிலிருந்து ஓட்டச் சொன்னான்.